எதுவும் போடாத சோறு

வெள்ளையம்மா என்பது அவளுக்கு நிறத்தைப் பார்த்து வைத்த பேரல்ல. நிறத்தில் அவள் மாநிறத்துக்கும் ஒரு படி கீழேதான். தட்டைப் பார்த்து வைத்த பேர் அது. குழைய வடித்த சோறு, உப்பு, புளிக்காத தயிர், ஓரம் வெட்டிய ரொட்டி, தோல் உரித்து வேகவைத்த உருளைக்கிழங்கு. ஐம்பத்தொரு வயதுவரை அவள் வயிற்றுக்குள் போனதெல்லாம் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு கடுகு விழுந்தால் அந்தத் தயிர் அவளுக்குத் தயிரில்லை. சோற்றின் ஓரத்தில் குழம்பு ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் அந்தத் தட்டே போச்சு. சின்ன வயதில் திமிர் என்றார்கள், செல்லம் என்றார்கள், வயிற்றில் பூச்சி என்று மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். மருந்து சிவப்பாக இருந்ததால் அதையும் துப்பினாள்.

திமிர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பழக்கமில்லாத ஒன்று நாக்கில் பட்டதும் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் வரும். அதற்கு மேல் வற்புறுத்தினால் உள்ளே இருப்பதும் வெளியே வந்துவிடும். இதை எப்படி எடுத்துச் சொல்வதென்று தெரியாமல் "பிடிக்கல" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அத்தனை வருடமும் ஓட்டினாள். அந்தச் சொல்லால் அவள் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

அவளைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அக்கா. ஐந்து வயது பெரியவள். அம்மா எல்லாருக்கும் ஒரே பானையில் சமைத்துவிட்டு, "வேணும்னா சாப்பிடு, இல்லன்னா கிட" என்று சொல்லிவிட்டுப் போவாள். அக்கா அரிசி களையும்போதே ஒரு பிடியைத் தனியே எடுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அடுப்பின் பின்பக்கத்தில் ஒளித்து வைப்பாள். தங்கை சாப்பிட்டு முடிக்கும்வரை சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். யாராவது கேட்டால், "அவ பாத்திரம் கழுவுறா" என்பாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு இவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. பதினோரு நாள் நடந்தது. மாமனார் வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் தேவலை. அன்பு காட்டி அன்பு காட்டியே அவளைப் பட்டினி போட்டார்கள். ஒவ்வொரு வேளையும் தட்டில் ஆறு வகை. அவள் வெறும் சோற்றை ஒதுக்கி ஒதுக்கித் தின்ன, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுக்க, அவள் கொல்லைப்பக்கம் ஓட. பன்னிரண்டாம் நாள் மாமனாரே கொண்டுவந்து விட்டார். "எங்க வீட்டுச் சாப்பாடு பொண்ணுக்கு ஆகல போலிருக்கு" என்றார். கோபமில்லை. வருத்தம்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஒரு அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தாறு வருடமாக அதே மேசை. ஒரு பக்கத்தில் தப்பான ஒற்றெழுத்து எங்கே இருந்தாலும் அவள் கண் நேரே அங்கே போய் நிற்கும். "சோத்துல கறிவேப்பிலை கண்டுபிடிக்கிற கண்ணு, சும்மாவா" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். தனியாக ஒரு வீடு, தனியாக ஒரு குக்கர். யார் தயவும் இல்லாமல் நாள் போய்க்கொண்டிருந்தது.

அக்கா புருஷனோடு வெளிநாட்டுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புருஷன் இறந்தபிறகும் மகளோடு அங்கேயே இருந்தாள். ஒரு நாள் காலை அந்த மகள் கூப்பிட்டாள்.

"சித்தி, அம்மாவுக்கு ஸ்ட்ரோக். வலது பக்கம் ஓடல. பேச்சு வரல."

"எப்போ?"

"ஒரு வாரம் ஆச்சு. பயமுறுத்த வேணாம்னு சொல்லல. பகல்ல பக்கத்துல தெரிஞ்ச முகம் யாராவது இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு. என்னால இதுக்கு மேல லீவு போட முடியாது. சாயங்காலத்துக்கு மேல நான் பாத்துக்குவேன். பகலுக்கு நீங்க வர முடியுமா?"

வெள்ளையம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நொடி ஆனது. அந்த இரண்டு நொடியில் அவள் மனதில் வந்தது அக்காவின் முகம் இல்லை. அங்கே போய் என்ன சாப்பிடுவது என்பதுதான் வந்தது. பிறகுதான் அக்கா வந்தாள். இந்த வரிசையை அவள் அப்போதே கவனித்தாள். கவனித்ததை மறக்க முடியவில்லை.

"வரேம்மா" என்றாள்.

இரண்டு பை நிறைய அரிசிப்பொரி கட்டிக்கொண்டு போனாள். அது ஆறு நாளுக்கு வந்தது.

அக்கா மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்தாள். முன்பிருந்த வீடு ஆஸ்பத்திரியிலிருந்து வெகு தூரம் என்பதால் அதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்திருந்தாள். மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு மடக்குக் கட்டில், ஒரு அலமாரி, ஜன்னலோரம் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி. அடுப்பு கிடையாது. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "உள்ள சமைக்கக் கூடாது சித்தி. புகை வந்தா மணி அடிக்கும், கட்டடமே இறங்கி வெளிய நிக்கணும்" என்றாள். "கீழ நிறையக் கடை இருக்கு. உங்களுக்கு எதாவது கிடைச்சிடும்."

அவள் பிறந்தது முதல் வெளிநாட்டில் வளர்ந்தவள். சித்தியின் சாப்பாட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்ன வேடிக்கைக் கதைகள்தான்.

ஆஸ்பத்திரியில் அக்கா ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடந்தாள். முகத்தின் வலப்பாதி கீழே இறங்கியிருந்தது. மூக்கு வழியாகக் குழாய். கட்டிலுக்கு மேலே தொங்கிய பையிலிருந்து வெள்ளையாக ஒரு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடது கையால் படுக்கையைத் தட்டினாள். அவள் எழுதுவதற்காக மகள் எழுதி அழிக்கும் சின்னப் பலகை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதுவரை அக்கா அதைத் தொட்டதேயில்லையாம். அன்று கேட்டு வாங்கினாள். பழக்கமில்லாத இடது கையால், கோணல்மாணலாக, வெகு நேரம் எழுதினாள்.

"சோறு?"

"அதெல்லாம் கிடைக்குதுக்கா. நீ படு" என்றாள் வெள்ளையம்மா.

மகள் பலகையை எட்டிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பி, "இவ்வளவு நாள் நான் கெஞ்சியும் ஒரு எழுத்து எழுதல" என்றாள்.

பொரி தீர்ந்த ஏழாம் நாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் சோறு இருந்தது. ஆனால் அது தனியாக இல்லை. எல்லாத் தட்டிலும் அதன் தலைமேல் பழுப்பாக ஒன்று ஊற்றியிருந்தார்கள். ஊற்றாமல் கொடு என்று கையைக் காட்டினாள். பரிமாறுகிற பெண் சிரித்த முகத்தோடு, பழுப்பை விட்டுவிட்டுச் சிவப்பை ஊற்றினாள். ரொட்டி இனித்தது. இனிக்காத ரொட்டிக்குள் விதைகள் இருந்தன. விதையில்லாத ரொட்டி வெண்ணெயில் குளித்திருந்தது. உருளைக்கிழங்கின் மேலே பொடிப்பொடியாகப் பச்சை இலை தூவியிருந்தது. ஒவ்வொன்றாக இலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஒரு துண்டை வாயில் வைத்தாள். இலை போனாலும் அதன் வாசனை போகவில்லை. கைக்குட்டையில் துப்பிக்கொண்டாள்.

அக்கா மகளிடம் கேட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கினாள். அந்த ஊர் மொழியில் நான்கு வரி. எதுவும் போடாத வெறும் சோறு வேண்டும். மேலே எதுவும் வேண்டாம். பக்கத்திலும் வேண்டாம். உப்பு மட்டும் தனியாக. எழுதிக் கொடுத்துவிட்டு மகள் சிரித்தாள். "இதைப் படிச்சா ஜெயில்லேருந்து தப்பிச்சு வந்த ஆளுன்னு நினைப்பாங்க சித்தி."

மதியம் அக்கா தூங்கும் நேரத்தில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். முதல் கடையில் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். வந்த சோற்றில் கறுப்பு எள் தூவியிருந்தது. வெறும் சோறு அசிங்கமாக இருக்குமே என்று தூவினார்கள் போல. இரண்டாவது கடையில் சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். சீட்டைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார். அவருடைய சமையலை யாரோ குறை சொல்லி அனுப்பியிருப்பதாக நினைத்துவிட்டார். குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவள் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். மூன்றாவது கடையில் வெறும் சோறே வந்தது. ஆனால் ஏதோ வாசனை சேர்த்து வேகவைத்த நீள அரிசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பி கம்பியாக நின்றது. மூன்று வாய் போனது. நான்காவது வாயில் தொண்டை மூடிக்கொண்டது.

ஒன்பதாம் நாள், கடையில் ஒரு பொட்டலம் அரிசி வாங்கிவந்து, அறையில் யாருமில்லாத நேரம் பார்த்து மின்கெண்டியில் போட்டாள். தண்ணீர் கொதித்ததும் கெண்டி தானாக அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. பதினான்கு தடவை போட்டாள். பதினைந்தாவது தடவை கஞ்சி பொங்கி வெளியே வழிந்து, அடித்தட்டில் கருகி, புகை வந்தது. மணி அடித்தது. கட்டடமே இறங்கித் தெருவில் நின்றது. ஒரு பெண் தலையில் ஷாம்பு நுரையோடு நின்றாள். கைக்குழந்தை ஒன்று ஓயாமல் அழுதது. கையில் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளையம்மாவை எல்லாரும் பார்த்தார்கள். அலுவலகத்திலிருந்து அக்கா மகள் வந்து கட்டடக்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கெண்டியின் அடியில் ஒட்டியிருந்த அரை வேக்காட்டுச் சோற்றைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நான் எதாவது பண்ணியிருப்பேன்ல?"

"நீ ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்க. இது ஒண்ணு வேறயான்னு..."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு, சித்தி?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை.

பதினோராம் நாள் வெள்ளையம்மா ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தாள். அக்காவின் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். கண் திறந்தபோது அதே அறையில் இன்னொரு கட்டிலில் கிடந்தாள். கையில் ஊசி, மேலே ஒரு பை. இரண்டு நர்சுகள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பக்கம் அக்கா தலையைத் தூக்க முயன்று, முடியாமல், இடது கையால் கட்டில் கம்பியை டங் டங்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பாருங்கள் என்று நர்சுகளுக்குச் சொல்கிறாளோ, தன்னைப் பாருங்கள் என்று சொல்கிறாளோ தெரியவில்லை.

அந்த மாலையில்தான் அக்கா மகள் வாய் திறந்தாள். வராந்தாவில், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டு, சத்தமில்லாமல் பேசினாள்.

"அம்மா இன்னைக்குப் பலகை கேட்டாங்க. எனக்கு எதாவது எழுதப் போறாங்கன்னு நினைச்சேன். 'அவளுக்கு வை'ன்னு எழுதினாங்க. அவ்வளவுதான். அப்பா போனதுலேருந்து பத்து வருஷமா நான்தான் கூட இருக்கேன் சித்தி. இந்த மூணு வாரத்துல அவங்க எழுதினது ரெண்டே தடவை. ரெண்டும் உங்க சாப்பாடு."

"நான் கேக்கலம்மா."

"கேக்கலதான். நீங்க கேக்கவே வேணாமே. அவங்களுக்கே தெரியுமே." நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை, எதையாவது கண்ணை மூடிக்கிட்டு முழுங்க முடியாதா? மருந்து மாதிரி? அம்மாவுக்காகக் கூட?"

முடியாது என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று வெள்ளையம்மாவுக்குத் தெரிந்தது. "பாக்கறேம்மா" என்றாள்.

அன்று அறைக்குத் திரும்பும் முன் அக்காவின் கட்டிலருகே நின்றபோது, அவள் கண் அந்தப் பையின்மேல் போனது. வெள்ளையாக, ஒரு துரும்புகூட இல்லாமல், நேரே வயிற்றுக்குப் போகிறது. நாக்கைக் கேட்கவே வேண்டாம். ஒரு நிமிடம் அதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் யாருடைய மூக்கில் முடிகிற குழாய் அது என்று உறைத்தது. விடுவிடென்று வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் சீட்டைக்கூட எடுக்காமல் சும்மா நடந்தாள். இரண்டு பேருந்து நிறுத்தம் தாண்டி ஒரு சந்து. சந்தின் நடுவில் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்கதவு திறந்திருந்தது. முழங்கை வரை மாவு அப்பிய ஒரு தடித்த பெண்மணி குனிந்து தரையில் ஒரு தட்டை வைத்தாள். தட்டில் சோறு. குழைந்து, ஆவி பறந்து, வெள்ளையாக. மேலே எதுவும் இல்லை. பக்கத்திலும் இல்லை. உள்ளேயிருந்து பல் விழுந்த ஒரு கிழ நாய் தள்ளாடித் தள்ளாடி வந்து அதை நக்க ஆரம்பித்தது.

வெள்ளையம்மா நகரவில்லை. கடைக்காரி நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். அவள் நாயின் தட்டைக் காட்டினாள். பிறகு தன் வாயைக் காட்டினாள்.

கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரில் நிற்கிறவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவளை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். உள்ளே போய், அதே பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் நிறையச் சோறு எடுத்துவந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல் வைத்தாள். உப்பையும் வைத்தாள்.

வெள்ளையம்மா சாப்பிட்டாள். நாய் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அழுகை வந்தது. அழுதால் தொண்டை அடைத்துக்கொள்ளுமே என்று பயந்து அதை அடக்கிக்கொண்டாள்.

அக்கா மகளிடம், "ஒரு கடை கிடைச்சிடுச்சும்மா, தெனமும் வெறும் சோறு தர்றாங்க" என்று மட்டும் சொன்னாள். "அப்பாடா" என்றாள் மகள். அன்று முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. நாயைப் பற்றி வெள்ளையம்மா வாய் திறக்கவில்லை.

அடுத்த நான்கு நாள் நன்றாகப் போனது. தினமும் ஒரு மணிக்கு அக்கா கண் அசந்ததும் கிளம்புவாள், ஒன்றே முக்காலுக்குத் திரும்பிவிடுவாள். வயிற்றில் சோறு விழுந்ததும் கையில் தெம்பு வந்தது, பேச்சு வந்தது. அக்காவின் கால்களை நீவிவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பத்திரிகையை வாசித்துக் காட்டினாள். வழக்கம்போல நடுநடுவே நிறுத்தி, "இங்க பாரு, 'மழை'ய 'மலை'ன்னு போட்டிருக்கான். நாலு மாவட்டத்துல மலை பெய்யுமாம்" என்பாள். அக்காவின் வாய் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். பதினைந்தாம் நாள் வலது கையில் ஒரு விரல் அசைந்தது. டாக்டர் வந்து பார்த்துத் தலையசைத்தார். அன்று அக்கா மகள் ஆஸ்பத்திரி ஜன்னலோரம் நின்று தூங்கிவழிந்தாள். நிம்மதியில் வந்த தூக்கம்.

பதினேழாம் நாள் ஒரு மணிக்குக் கிளம்பி வெள்ளையம்மா சந்துக்குப் போனபோது சோறு ஆகியிருக்கவில்லை. கடையில் கூட்டம். கடைக்காரி பத்து விரலை விரித்துக் காட்டி, உட்கார் என்று பெட்டியைக் காட்டினாள். திரும்பிப் போயிருக்கலாம். நேற்று சாப்பிட்டிருந்தாள், காலையில், முந்தின நாள் கட்டிவந்த கடைச் சோற்றில் மிச்சம் கொஞ்சம் சாப்பிட்டிருந்தாள். ஒரு வேளை இல்லாவிட்டால் செத்துப்போகமாட்டாள். ஆனால் உள்ளே அரிசி கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் இருபத்தைந்தானது. சோறு வந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கடைக்காரி கேட்டபோது, வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினாள்.

அவளுடைய போனுக்கு அந்த ஊர் இணைப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்குள் மட்டும்தான் வேலை செய்யும்.

இரண்டு இருபதுக்கு மாடி ஏறினாள். அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்தாள். திரைக்குக் கீழே அக்கா மகளின் செருப்பு தெரிந்தது. அலுவலகத்தில் இருக்க வேண்டியவளின் செருப்பு.

உள்ளே குழாய் இல்லை. பை இல்லை. அக்காவின் முகம் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்தது.

மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி உட்காரும் நாற்காலி அது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க போனீங்க சித்தி?"

"சாப்பிட" என்றாள் வெள்ளையம்மா.

அதற்கு வேறு சொல் இல்லை.

"ஒண்ணு இருபதுக்கு மறுபடி ஸ்ட்ரோக் வந்திருக்கு. ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கு முடிஞ்சிடுச்சு. எனக்குப் போன் பண்ணினாங்க. உங்களைக் கட்டடம் முழுக்கத் தேடியிருக்காங்க." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அலுவலகத்தில் யாருக்கோ விவரம் சொல்வது போலச் சொன்னாள். "கடைசியில கண்ணைத் திறந்தாங்களாம். நர்ஸ் சொன்னா. திறந்து இந்த நாற்காலிப் பக்கம் பாத்தாங்களாம்."

வெள்ளையம்மா அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கையில் சோற்றின் பிசுபிசுப்பு இன்னும் காயவில்லை. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

எரித்ததெல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. வந்தவர்கள் எட்டுப் பேர். விமானத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அக்கா மகள் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். அறையில் இருந்தால் சித்தியோடு இருக்க வேண்டுமே என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் போகும்போது "வரேன்" என்பாள். மாலையில் வந்து "குளிச்சிட்டீங்களா" என்பாள். அதற்குமேல் பேச்சில்லை.

வெள்ளையம்மா அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குப் போய், பழுப்பு ஊற்றிய சோற்றை ஒரு டப்பாவில் வாங்கிவந்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடக்குக் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அக்காவை நினைத்துக்கொண்டாள். மருந்து, மருந்து என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் வைத்து, மெல்லாமல் விழுங்கினாள். போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வாயைத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளினாள். ஒரு கணம், முடிகிறதே என்று இருந்தது. முடிகிறது என்றால் அன்றைக்கும் முடிந்திருக்கும்தானே என்று தோன்றியதும் கண்ணைத் திறந்துவிட்டாள். ஐந்தாவது வாயில் எல்லாம் திரும்பி வந்தது. குளியலறைவரை போக முடியவில்லை. கட்டில், தரை, அவள் புடவை, எங்கும் பழுப்பு.

கதவு திறந்த சத்தம் கேட்டது. அக்கா மகள் அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டாள்.

அவள் டப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பையை வைத்துவிட்டு ஒரு பழைய துணியை நனைத்துக்கொண்டு வந்து முட்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். வெள்ளையம்மாவும் கீழே இறங்கி இன்னொரு துணியால் துடைத்தாள். இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டே நடுவில் வந்து நின்றார்கள்.

"எதுக்கு இதெல்லாம்" என்றாள் மகள். "உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும் சித்தி. அன்னைக்கு நீங்க மயங்கி விழுந்தப்பவே தெரியும்."

"அப்போ கோவமில்லையா?"

மகள் துணியை வாளியில் பிழிந்தாள். வெகுநேரம் பிழிந்தாள்.

"தெரிஞ்சா கோவம் போயிடும்னு நானும் நினைச்சேன். போகல. நான் என்ன பண்றது?"

இரண்டு பேரும் துணிகளை அலசிக் காயப்போட்டார்கள்.

விமானநிலையத்துக்குப் போகும் பேருந்துவரை மகள் வந்தாள். பெட்டியை ஏற்றிக் கொடுத்தாள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க" என்றாள். வெள்ளையம்மா அவள் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். அவள் விலகவில்லை, நெருங்கவும் இல்லை.

ஊருக்கு வந்து குக்கர் வைத்தாள். சோறு குழைந்து, வாசனையே இல்லாமல், அவளுக்கு வேண்டிய மாதிரி வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள். தடையில்லாமல் இறங்கியது. தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பசி விடவில்லை. மறுபடி இழுத்து வைத்துச் சாப்பிட்டு முடித்தாள். மறுநாள் அச்சகத்துக்குப் போனாள். ஏழாம் வகுப்பு அறிவியல் அவளுக்காகக் காத்திருந்தது. முதல் பக்கத்திலேயே நான்கு பிழை. துக்கம் கேட்டவர்கள், "கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்" என்றார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

அக்கா மகள் முதலில் வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு மாதம் ஒருமுறை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் கூப்பிட்டு, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாகவும் நல்ல வீடு கிடைத்திருப்பதாகவும் சொன்னாள்.

"ரெண்டு ரூம் சித்தி. வெயில் நல்லா வருது. சமையலறை பெருசு."

"அப்படியா. சந்தோஷம்மா."

அதற்குப் பிறகு வரவேண்டிய 'வாங்க' என்ற ஒரு சொல்லுக்காக வெள்ளையம்மா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சரி சித்தி, வெச்சிடறேன். உடம்பப் பாத்துக்கோங்க."

"நீயும் பாத்துக்கோம்மா" என்றாள் வெள்ளையம்மா. போன் அணைந்தபிறகும் கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.